கோடையில் டெத் வேலிக்குக் குடும்பத்தோடு கார்ப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை தொடங்கி, ஊரிலிருந்து பெற்றோரும் வந்து சேரும் ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வசிக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "லாஸ் வேகஸ் வரை போகிறோம், அப்படியே டெத் வேலியையும் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" அந்த "அப்படியே" என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. டெத் வேலி என்பது கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பாலைவனப் பள்ளத்தாக்கு; பெயரின் பொருளே "மரணப் பள்ளத்தாக்கு". அந்தத் தேசியப் பூங்காவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன்; அதில் ஒருமுறை நடு ஜூலையில், என் பெற்றோரையும் 6 வயது மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். அந்த அனுபவத்தையும் அதற்குப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் வைத்து, என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கோடையில் குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு அங்கே போகலாமா?

போகலாம், ஆனால் அது காரிலிருந்து பார்க்கும் பயணமாக இருக்க வேண்டும். காலையில் சிறிது நேரம் மட்டும் இறங்கி நடப்பது, மற்ற நேரத்தில் குளிரூட்டிய காரிலோ அறையிலோ இருப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் கோடைப் பயணமும் நன்றாகவே அமையும். மலையேற்றம், நீண்ட நடை, மணல்மேட்டில் விளையாட்டு ஆகியவை வேண்டுமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் போங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, முந்தைய மாதங்களில் நல்ல மழை பெய்திருந்தால், காட்டுப்பூக்களும் காணக் கிடைக்கும். 2005ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் பள்ளத்தாக்கின் தரையே மஞ்சளாகும் அளவுக்குப் பூத்தன.

கைக்குழந்தை இருந்தாலோ, இதய நோய் உள்ளவர்கள் உடன் வந்தாலோ, கோடைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பள்ளத்தாக்கு எங்கும் ஓடிப்போய்விடாது.

கத்திரி வெயிலில் வளர்ந்தவர்கள் நாங்கள். வேலூரிலும் மதுரையிலும் பார்க்காத வெயிலா?

இந்தக் கேள்வியை என் அப்பாவும் கேட்டார். விடை சற்று நீளமானது, ஏனென்றால் நம்மவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

முதலில் எண்களைப் பார்ப்போம். பார்வையாளர் மையம் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் என்ற பள்ளத்தாக்குக் குடியிருப்பில் ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை ஏறக்குறைய 47 டிகிரி செல்சியஸ். இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் பல. 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி அங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பழைய அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் 2020 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் நவீனக் கருவிகளே 54.4 டிகிரியைக் காட்டின. இவையெல்லாம் நிழலில் அளந்த காற்றின் வெப்பம். தரையின் வெப்பம் வேறு கணக்கு: 1972ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி அங்கே மண்ணின் மேற்பரப்பில் 93.9 டிகிரி பதிவாகியிருக்கிறது.

எண்ணைவிட முக்கியமானது காற்றின் வறட்சி. நம் ஊர் வெயிலில் சட்டை நனைகிறது, புழுங்குகிறது, எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலே நம்மை நிழலுக்குத் துரத்திவிடுகிறது. டெத் வேலியில் வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடுவதால், உடல் நீரை இழந்துகொண்டிருக்கிறது என்பதே தெரிவதில்லை. பேட்வாட்டர் என்ற உப்புத்தரைப் பள்ளத்தில் காலை 9 மணிக்கு இறங்கிய என் அப்பா, "வேர்க்கவே இல்லையேப்பா, நம்ம ஊர் வெயிலுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். 20 நிமிடம் கழித்துக் காரில் ஏறியபோது அவருடைய நெற்றியில் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. தொட்டு நாவில் வைத்தால் உப்பு. அதுதான் அவர் "வேர்க்கவில்லை" என்று சொன்ன வியர்வை. தலை லேசாகச் சுற்றுகிறது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார், அதுவும் அம்மா இரண்டு முறை கேட்ட பிறகு.

ஆகவே, கத்திரி வெயிலில் வளர்ந்த பழக்கம் அங்கே உதவுவதில்லை. "இதென்ன பெரிய வெயில்" என்ற அலட்சியத்தைத் தந்து கெடுக்கவும் செய்கிறது.

அந்த ஓரிடம் மட்டும் ஏன் அப்படிக் கொதிக்கிறது?

பேட்வாட்டர் பள்ளம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான நிலம் அதுதான். அங்கிருந்து நிமிர்ந்து மேற்கே பார்த்தால் தெரியும் டெலஸ்கோப் சிகரமோ 3,368 மீட்டர் உயரம். இப்படி உயர்ந்த மலைத்தொடர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தில், செடிகொடி இல்லாத தரை பகல் முழுவதும் காய்ந்து, தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலெழுந்து ஓரளவு குளிர்ந்தாலும், மலைச்சுவர்களைத் தாண்டமுடியாமல் மீண்டும் கீழே இறங்குகிறது; இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் இன்னும் சூடாகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடா முதலான மலைத்தொடர்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதற்குள் தன் நீரையெல்லாம் கொட்டிவிடுவதால், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இங்கே பெய்யும் மழை சுமார் 5 சென்டிமீட்டர்தான்.

இந்த விளக்கத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் வெப்பம் 3 முதல் 5 ஃபாரன்ஹீட் டிகிரி குறைகிறது என்பதால், கீழே தாங்கமுடியாத நேரத்தில் மேலே போய்விடலாம்.

எப்படிப் போவது? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

லாஸ் வேகஸிலிருந்து பாரம்ப் ஊர் வழியாக ஃபர்னஸ் கிரீக்குக்குச் சுமார் 2 மணி நேரப் பயணம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நாலரை மணி நேரமாவது ஆகும். பூங்காவின் நடுவே ஓடும் முதன்மைச் சாலை கலிஃபோர்னியா மாநில நெடுஞ்சாலை 190. ஒரு காருக்கு 7 நாள்களுக்கான கட்டணம் 30 டாலர். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டையால்தான் செலுத்த வேண்டும். வாசலும் காவலரும் இருக்கமாட்டார்கள் என்பதால் பலர் கட்டணம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாலையோர இயந்திரத்திலோ ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்திலோ நாமாகச் செலுத்தி, சீட்டைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு அட்டை வைத்திருந்தால் அதுவே போதும்.

இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 13,700 சதுர கிலோமீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிகப்பெரிய தேசியப் பூங்கா இதுதான். வரைபடத்தில் பக்கத்து இடம்போலத் தெரிவது ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கலாம்.

ஒரே நாள்தான் கிடைக்கிறது. எதை எப்போது பார்ப்பது?

முதல் நாள் மாலையே வந்து பூங்காவுக்குள்ளோ, நெவாடா எல்லையிலுள்ள பீட்டி ஊரிலோ தங்கிவிடுங்கள். லாஸ் வேகஸில் சாவகாசமாகக் காலை உணவை முடித்துக் கிளம்பி, 11 மணிக்குப் பூங்காவுக்குள் நுழைபவர்கள், அந்த நாளின் நல்ல நேரம் முழுவதையும் தொலைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்குப் பிறகு நடக்க வேண்டாம் என்பது பூங்கா அலுவலர்களின் பொதுவான அறிவுரை. வெயிலின் உச்சம் நண்பகல் என்று எண்ணுவதும் தவறு. அங்கே வெப்பம் உச்சத்தைத் தொடுவது மாலை 4 மணி, 5 மணிக்கு. "வெயில் தாழ்ந்த பிறகு மணல்மேட்டுக்குப் போகலாம்" என்று மாலை 4.30க்குக் கிளம்பும் குடும்பம், நாளின் மிகக் கொடிய நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறது.

நாங்கள் செய்தது இதுதான். ஜூலையில் சூரியன் காலை 5.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எழும். அதற்கு முன்பே ஸப்ரிஸ்கி பாயிண்ட் என்ற காட்சிமேட்டில் நின்றோம். கார் நிறுத்துமிடத்திலிருந்து சிறிய ஏற்றம்தான், அம்மாவால் நடக்கமுடிந்தது. அலையலையாக மடிந்த மஞ்சள் மண்மேடுகளின் நுனியில் முதல் வெளிச்சம் படும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அதிகாலையில் எழலாம். அங்கிருந்து பேட்வாட்டருக்குப் போனோம்; ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 27 கிலோமீட்டர். மரப்பலகை நடைபாதையின் முடிவுவரை போய், உப்புத்தரையில் சில அடிகள் வைத்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் என்ற ஒருவழிச் சாலை வருகிறது. இரும்பு முதலான தாதுக்கள் காற்றுபட்டு மாறியதால் ரோஜா, பச்சை, ஊதா நிறங்களில் கிடக்கும் குன்றுகளைக் காரைவிட்டு இறங்காமலேயே பார்க்கலாம். 10 மணிக்கெல்லாம் பார்வையாளர் மையத்தின் குளிரில் உட்கார்ந்திருந்தோம்.

பகலில் டான்டேஸ் வியூ என்ற மலைமேல் காட்சியிடத்துக்கு ஏறுங்கள். 1,669 மீட்டர் உயரம் என்பதால், கீழே 47 டிகிரி இருக்கும் நேரத்திலும் அங்கே 35ஐ ஒட்டி இருக்கும். காலையில் நின்ற உப்புத்தரையை மேலிருந்து நேர்கீழே பார்க்கும்போது, அதன் மேல் நடந்துகொண்டிருந்த மனிதர்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவர்கள் என்பது புரியும். இன்னும் குளிர்ச்சி வேண்டுமென்றால் வைல்ட்ரோஸ் பகுதியிலுள்ள கரிச்சூளைகளுக்குப் போகலாம். 1877ஆம் ஆண்டில் வெள்ளிச் சுரங்கத்தின் உருக்காலைகளுக்குக் கரி சுடுவதற்காகக் கட்டிய 10 கற்கூடுகள், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், தேன்கூடுபோல வரிசையாக நிற்கின்றன. கடைசிச் சிறிது தூரம் மண்சாலை என்பதால் உங்கள் கார் வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிக்க வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. அது குடிப்பதற்கு மட்டும். கார் வழியில் நின்றுவிட்டால் என்ற எண்ணத்தில் அதைப்போல இன்னொரு பங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு 40 லிட்டர் என்றால் அதிகமாகத் தோன்றும், ஆனால் பெரிய குடுவைகளில் டிக்கியில் அடங்கிவிடும். பாதியை ஐஸ்பெட்டியில் வையுங்கள், ஏனென்றால் சூடேறிய தண்ணீரைக் குழந்தைகள் தொடவே மாட்டார்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உடலில் உப்பின் அளவு குறைந்து அதுவே மயக்கத்துக்குக் காரணமாகலாம். உப்புச் சேர்ந்த தின்பண்டமோ, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடியோ உடன் இருக்கட்டும். அம்மா கரைத்து வைத்த உப்புப் போட்ட நீர்மோர் எங்கள் காரில் எல்லாவற்றுக்கும் முன்பு தீர்ந்துபோனது.

சாப்பாடு?

ஃபர்னஸ் கிரீக்கிலும், பூங்காவுக்குள் இருக்கும் இன்னொரு சிறு குடியிருப்பான ஸ்டோவ்பைப் வெல்ஸிலும் உணவகங்கள் உண்டு. விலை கூடுதல், சைவத்துக்குத் தேர்வு குறைவு. புளியோதரை தாங்கும், தயிர்சாதத்தை ஐஸ்பெட்டிக்கு வெளியே வைத்தால் தாங்காது.

காரை எப்படித் தயார் செய்வது?

குளிர்விப்பு நீர், எஞ்சின் எண்ணெய், மின்கலம், குளிரூட்டி, நான்கு டயர்கள், ஐந்தாவது டயர் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு முந்தைய வாரமே பணிமனையில் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் அழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது ஆபத்து. பூங்காவுக்குள் ஃபர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் பெட்ரோல் கிடைக்கிறது, ஆனால் வெளியே உள்ளதைவிட விலை மிக அதிகம். உள்ளே நுழையும் முன்பே முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்போர், குளிரூட்டி தொடர்ந்து ஓடுவதாலும் ஏற்றங்களாலும் வழக்கமான தூரம் கிடைக்காது என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலை 190 மேற்கே டவுன் கணவாயை நோக்கி ஏறும் பகுதி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம்வரை விடாமல் ஏறுகிறது. அங்கே குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஓட்டுமாறு அறிவிப்புப் பலகைகளைக் காணலாம். புதிய கார்கள் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் வெப்பமானியின் முள் மேலேறத் தொடங்கினால், உடனே குளிரூட்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, வெப்பமூட்டியை முழுவதும் திருகிவிட வேண்டும். கொதிக்கும் வெயிலில் வெப்பமூட்டியா என்று பின்னிருக்கையிலிருந்து எதிர்ப்பு வரும். எஞ்சினின் சூட்டை வெளியே இழுக்க அதுதான் வழி. பிறகு பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். இந்தப் பூங்காவில் மனிதர்கள் மிகுதியாக உயிரிழப்பது வெப்பத்தால் என்று நாம் நினைப்போம். பூங்கா நிர்வாகம் சொல்வது வேறு: வேறெந்தக் காரணத்தையும்விட, வேறு வண்டி எதிலும் மோதாமல் தனி ஒரு கார் மட்டும் சிக்கும் விபத்துகளில்தான் இங்கே அதிகமானோர் இறக்கிறார்கள். ஆளில்லாத நேர்ச்சாலை, அதில் ஏறும் வேகம், திடீரென்று வரும் வளைவு: இவ்வளவுதான் காரணம்.

கார் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

காரைவிட்டு நடந்து போகாதீர்கள். யாராவது உதவி தேடி நடக்கிறேன் என்று கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். காரின் உள்ளே சூடு தாங்கவில்லை என்றால், காரின் நிழலில், தரையில் நேரடியாகப் படாமல் பாய் அல்லது இருக்கை விரிப்பின் மேல் உட்காருங்கள். முன்பக்க மூடியைத் திறந்து வைப்பது உதவி தேவை என்பதற்கான அடையாளம். கைப்பேசித் தொடர்பு ஃபர்னஸ் கிரீக்கைச் சுற்றியும் ஸ்டோவ்பைப் வெல்ஸிலும் ஓரளவு உண்டு, மற்ற இடங்களில் பெரும்பாலும் இல்லை. செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி உங்கள் புதிய கைப்பேசியில் இருந்தால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்துவிடுவார்கள். ஆளில்லாத மண்சாலையில் நின்றிருந்தால் அந்த உறுதி இல்லை.

உதவி எப்போதும் வானிலிருந்து வரும் என்றும் நினைக்க வேண்டாம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் ஹெலிகாப்டரின் விசிறிக்குப் போதிய தூக்குவிசை கிடைப்பதில்லை. 2024 ஜூலையில் ஒரு நாள், வெப்பம் 53 டிகிரியைத் தொட்டிருந்தபோது, மோட்டார் சைக்கிளில் குழுவாக வந்தவர்களில் ஒருவர் வெப்பத்தால் உயிரிழந்தார். மருத்துவ ஹெலிகாப்டரால் அன்று அங்கே வரமுடியவில்லை.

வழிக்குக் கூகுள் வரைபடம் போதாதா?

போதாது. குறுக்குவழி என்று அது காட்டும் கோடு, பல ஆண்டுகளாக யாரும் போகாத மண்தடமாக இருக்கலாம். ஜிபிஎஸ் காட்டிய வழியே போய்ச் சிக்கி உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால், பூங்கா அலுவலர்கள் அதற்கு "ஜிபிஎஸ் மரணம்" என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் மையத்தில் தரும் காகித வரைபடத்தை வாங்கிக்கொண்டு, தார்ச்சாலையிலேயே இருங்கள்.

குழந்தைகளுக்கு எனத் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

கலிஃபோர்னியச் சட்டப்படி 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பின்னிருக்கையில், அவர்களுக்கு உரிய குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும். 2 வயது ஆகாத குழந்தையின் இருக்கை, எடையோ உயரமோ மிகுந்திருந்தால் தவிர, பின்னோக்கியே இருக்க வேண்டும். 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையை வெப்பமான நேரத்தில் காரில் தனியே விட்டுச் செல்வது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், "ஒரு நிமிடம்தானே" என்று ஒரு புகைப்படத்துக்காக இறங்கும் நேரத்துக்குள், குளிரூட்டி நின்ற காரின் உட்புறம் எப்படி ஏறுகிறது என்பதை ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்த்தால் யாரும் விடமாட்டார்கள்.

இருக்கைப் பட்டையின் உலோகக் கொக்கியை மறந்துவிடாதீர்கள். ஸப்ரிஸ்கி பாயிண்டில் அரைமணி நேரம் நின்ற காருக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்வையாளர் மையத்தின் வெளியே, நண்பகலில், அதேபோல் அரைமணி நேரம் நின்ற பிறகு மகளின் இருக்கைக் கொக்கியை நான்தான் முதலில் பிடித்தேன். ஆள்காட்டி விரலில் கொப்புளம். அவளுடைய தொடையில் பட்டிருந்தால் என்ற எண்ணம் அன்று முழுவதும் விடவில்லை. அதன்பிறகு இறங்கும்போதெல்லாம் இருக்கையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டு இறங்கினோம். கையில் இன்னொரு ஈரத்துண்டு எப்போதும் இருந்தது.

காலில் மூடிய காலணியும் காலுறையும் கட்டாயம். மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேட்டில் 2024 ஜூலையில், பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் நடந்துகொண்டிருந்தபோது ரப்பர் செருப்பு கழன்று போய்விட, வெறுங்காலோடு சிறிது தூரம் நடந்ததிலேயே பாதத்தின் தோல் வெந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மணலைக் கண்டால் செருப்பைக் கழற்றி வீசும் குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

வயதான பெற்றோருக்கு?

இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீரிழப்பு விரைவாக வரும். பயணத்துக்கு முன்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினைக் குளிர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் ஐஸ் கட்டியை நேரடியாகத் தொடாதபடி ஒரு துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்று தண்ணீரையே தவிர்ப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். அடுத்த கழிப்பறை எங்கே, எத்தனை நிமிடத்தில் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே வந்தால், குடிப்பார்கள்.

வெப்பம் தாக்கிவிட்டது என்பதை எப்படி அறிவது?

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே குளிரூட்டிய காருக்குள் அழைத்துவந்து, ஆடையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, உப்புச் சேர்த்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். உயிர் போகும் நிலை. 911ஐ அழையுங்கள், உடலெங்கும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குழந்தை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டால், அசதி என்று விட்டுவிடாமல் தொட்டுப் பாருங்கள்.

மழை பெய்தால் நல்லதுதானே?

இல்லை. காய்ந்து இறுகிய மண் நீரை உறிஞ்சாது. மலையில் பெய்யும் மழை அப்படியே கற்களை உருட்டிக்கொண்டு சாலைக்கு வருகிறது, சில நேரம் நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே. 2023 ஆகஸ்ட் 20ஆம் தேதி, ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் ஓராண்டு மழையைக் கொட்டியது. சாலைகள் அரித்துப்போய், பூங்கா ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. பேட்வாட்டரில் தேங்கிய நீர் ஏரியாகிப் பல மாதம் நின்றது. 2015 அக்டோபர் வெள்ளத்தில் சேதமடைந்த ஸ்காட்டிஸ் கேசில் மாளிகை அதன்பிறகு வழக்கமான பார்வைக்குத் திறக்கவே இல்லை. கிளம்பும் நாள் காலையில் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். சாலையின் குறுக்கே நீர் ஓடினால் ஆழம் பார்க்கக் காரை இறக்காதீர்கள்.

தானாக நகரும் கற்களைப் பார்க்க முடியுமா?

ரேஸ்டிராக் என்ற காய்ந்த ஏரிப்படுகையில்தான் அந்தக் கற்கள் இருக்கின்றன. குளிர்கால இரவில் உறையும் மெல்லிய பனித்தகடு காலையில் உடைந்து, காற்றில் மிதந்து கற்களைத் தள்ளுகிறது என்பதை ஆய்வாளர்கள் 2013 டிசம்பரில் நேரில் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே போகும் சாலை 40 கிலோமீட்டருக்கும் மேல் கூர்மையான கற்கள் நிறைந்த மண்சாலை. சாதாரணக் குடும்பக் காரோடும் குழந்தைகளோடும் கோடையில் போகும் இடமல்ல அது. அதே திசையில், தார்ச்சாலையிலேயே போய்விடக்கூடிய உபஹீபி எரிமலைப் பள்ளம் இருக்கிறது. சுமார் 180 மீட்டர் ஆழம். விளிம்பில் நின்று பாருங்கள், உள்ளே இறங்காதீர்கள். இறங்குவது எளிது, கருஞ்சரளையில் திரும்ப ஏறுவதுதான் கடினம்.

படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியை (ஆர்.வி.) வாடகைக்கு எடுத்துப் போகலாமா?

பல வாடகை நிறுவனங்கள் கோடை மாதங்களில் டெத் வேலிக்குள் கொண்டுபோவதையே ஒப்பந்தத்தில் தடுத்திருக்கின்றன. அனுமதி இருந்தாலும், 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவிலும் டான்டேஸ் வியூ மேட்டுச்சாலையிலும் போகமுடியாது.

இரவில் தங்குவதில் பயன் உண்டா?

நட்சத்திரங்களுக்காகவே தங்கலாம். ஒளிமாசு மிகக் குறைந்த இடம் என்று 2013ஆம் ஆண்டில் இந்தப் பூங்காவுக்குச் சர்வதேச இருள்வான் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. நிலவில்லாத இரவாகப் பார்த்துத் திட்டமிடுங்கள். இரவு 10 மணிக்கு அறைக்கு வெளியே வந்து நின்றபோது காற்று 38 டிகிரி, முடி உலர்த்தியின் முன் நிற்பதுபோல் இருந்தது. ஆனாலும் பால்வெளியைப் பார்த்த அப்பா, தாம் சிறுவனாக இருந்தபோது மொட்டைமாடியில் படுத்துப் பார்த்தது என்று சொல்லி, கால்மணி நேரம் உள்ளே வர மறுத்துவிட்டார். கூடாரம் போட்டுத் தூங்கும் எண்ணம் கோடையில் வேண்டாம்.

காரிலேயே இருந்தால் குழந்தைகளுக்குச் சலித்துவிடாதா?

பார்வையாளர் மையத்தில் இளம் ரேஞ்சர் என்ற திட்டத்துக்கான பயிற்சிப் புத்தகம் தருகிறார்கள். அதை முடித்துக் காட்டும் குழந்தைக்கு உறுதிமொழி வாங்கி, சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை (பேட்ஜ்) ஒன்று கொடுப்பார்கள். கழுதைகள் இழுத்த வண்டிகளின் கதையும் குழந்தைகளுக்குப் பிடிக்கும்: 1880களில் இங்கிருந்து வெட்டிய போராக்ஸ் தாதுவை, 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும் சேர்ந்து 265 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மொஹாவே ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றன. அந்தப் பழைய வண்டிகளை ஹார்மனி போராக்ஸ் ஆலையின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் காணலாம். டிம்பிஷா ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்கள், பூங்கா வருவதற்கு மிக முன்பிருந்தே இங்கே வாழ்ந்து, இன்றும் ஃபர்னஸ் கிரீக்கில் குடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்; "மரணப் பள்ளத்தாக்கு" என்பது 1849இல் வழிதவறி வந்த வெளியூர்க்காரர்கள் வைத்த பெயர்.

பேட்வாட்டரில் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் எழும் பாறைச்சுவரில், மிக உயரத்தில், "கடல் மட்டம்" என்று எழுதிய சிறிய வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது. முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்று விட்டால், பெரியவர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடத் தொடங்குவார்கள்.

நினைவுக்காக ஒரு கல்லோ உப்போ எடுத்து வரலாமா?

கூடாது, தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது சட்டத்துக்குப் புறம்பானது, டிரோன் பறக்கவிடுவதும் அப்படியே. என் மகள் இதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த உப்புக் கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வீட்டுக்கு வந்து காலணியைத் தட்டியபோது அடிப்பள்ளங்களிலிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் உதிர்ந்தது. இதற்கும் தண்டனை உண்டா என்று கேட்டாள்.